திரையில் உப்பிய நரம்பு

"ஏனுங்க டாக்டர், எங் கையவே காணமுங்க" என்றாள் துளசிமணி, தொலைந்தது கையல்ல, பஸ்ஸில் மறந்துவிட்ட குடை என்பதுபோலச் சிரித்துக்கொண்டு. மருதாசலம் அவள் தலைமாட்டில் முக்காலிபோட்டு உட்கார்ந்திருந்தார். "எங்கயும் போகலம்மா, மரத்துப்போயிருக்கு, அவ்வளவுதான்" என்றார். முப்பது வருஷமாகத் திருப்பூரில் ஆறேழு ஆஸ்பத்திரிகளுக்கு ஓடி ஓடி மயக்க மருந்து கொடுத்து வருகிறவருக்கு இந்த வாக்கியம் தூக்கத்தில்கூட வரும். பச்சைத் துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய வலது கை பலகைமேல் நீண்டு கிடந்தது. மொபெட்டிலிருந்து விழுந்து நொறுங்கிய மணிக்கட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையோ முணுமுணுத்துப் பாடியபடி டாக்டர் கவின் எலும்புத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தான். ஆளை மயக்கவில்லை. கழுத்தோரம், காறை எலும்புக்கு மேலே, கைக்குப் போகிற நரம்புகள் கொத்தாக இறங்குகிற இடத்தில் மருந்தை விட்டுக் கையை மட்டும் மருதாசலம் தூங்கவைத்திருந்தார். "சூப்பர் பிளாக் சார், அம்மாக்கு ஒன்னுமே தெரியல பாருங்க" என்று கவின் இரண்டாவது தடவையாகச் சொன்னான். முதல் தடவை சொன்னபோதே மருதாசலம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஏன் இவ்வளவு சீக்கிரம் மரத்தது என்று கேட்கத் தெரியாத பையன். வெட்டத்தான் தெரியும் இவர்களுக்கு. இருபது நிமிஷமாவது ஆகவேண்டிய கை ஐந்து நிமிஷத்தில் செத்துக் கிடந்தது. மருந்து நரம்பைச் சுற்றி நின்றால் மெல்ல மெல்ல ஊறும். நரம்புக்குள்ளேயே போனால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். உள்ளேதான் போயிருக்கிறது. அவர் பார்த்தார். ஸ்கேன் திரையில் அந்த நரம்பு எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியதை அவர் பார்த்தார், அவர் ஒருவர்தான் பார்த்தார். அப்படி உப்பிய நரம்பு பெரும்பாலும் தானாக வடிந்து பழையபடி ஆகிவிடும் என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு ஆகாது. விரல் நீட்ட வராது, மாதக்கணக்கில் வராது, சிலருக்கு வரவே வராது. இவள் எந்தப் பக்கம் என்பது மருந்து முழுக்கத் தெளியும் நாளைக் காலை வரைக்கும் கடவுளுக்குத்தான் தெரியும்.

அன்று காலை ஒன்பதரைக்கு அந்த ஸ்கேன் மெஷினைச் சிஸ்டர் பியூலா தள்ளிக்கொண்டு வந்தாள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பது சட்டப்படி குற்றம் என்று அதன் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. கழுத்தைப் பார்க்கிற மெஷினானாலும் சட்டம் விடுவதில்லை. துளசிமணி படுத்தவாக்கில் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏனுங்க, எனக்கு நாப்பத்திரெண்டு முடிஞ்சுபோச்சுங்க, இனிமே உள்ள என்னத்தப் பாக்கறீங்க?" என்று கேட்டாள். பியூலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாயோரத்தில் இருக்கும்போதே ஊசியை எடுத்தார். இடது கையில் கழுத்தில் வைத்துப் பார்க்கிற புரோப், வலது கையில் ஊசி, மருந்து நிரப்பிய சிரிஞ்ச் ஒரு குழாய் நீளத்துக்கு அப்பால் பியூலாவின் கையில். திரையில் ரத்தக்குழாய் கறுப்பு வட்டமாகத் துடித்தது. அதை ஒட்டி நரம்புகள் திராட்சைக் கொத்தாகத் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவருக்கு என்னவோ சாம்பலுக்குள் சாம்பலாகத்தான் தெரிந்து தொலைக்கும். ஊசியின் தண்டு பளிச்சென்று வந்தது. முனை தெரியவில்லை. தெரியவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது, இருந்தும் கை போய்க்கொண்டே இருந்தது. "அசையாதம்மா, அசையாத" என்றார். "ஐயோ, சுள்ளுங்குதுங்க! கட்டவெரல் வரைக்கும் போவுதுங்க!" என்றாள். அப்போது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை, நல்லது. நல்லது என்றார். ஒரு பெண்பிள்ளை வலியில் கத்துகிறாள், இவர் நல்லது என்கிறார். பிறகு பியூலாவிடம், "போடு" என்றார். "சார், இறுக்கமா இருக்கு, தள்ள மாட்டேங்குது." "அழுத்திப் போடு." அவள் சொன்னபடி அழுத்தினாள். மூன்று மில்லி. திரையில் நரம்பின் சாம்பல் வட்டம் உள்ளிருந்து பருத்து, விளிம்பு நெளிந்து, கறுத்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கு மூளை வேலை செய்தது. ஊசியைப் பின்னால் இழுத்து, பதறாத மாதிரி இன்னொரு பக்கமாகச் செலுத்தி, மீதி மருந்தை முறையாக வெளியே சுற்றி விட்டார். மொத்தமும் நாலு நிமிஷம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த 'நல்லது' இன்றைக்கு நேற்றுச் சொன்னதா என்ன. மெஷின் இல்லாத காலத்தில் அது ஒன்றுதானே வழி. கழுத்தில் விரலால் துடிப்பைத் தேடிப் பிடித்து, அதை ஒட்டி ஊசியை இறக்கி, உள்ளே குருட்டாம்போக்கில் துழாவிக்கொண்டே, "ஷாக் அடிக்குதா? விரல் வரைக்கும் போகுதா? போனாச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போகுது சார் என்று நோயாளி துள்ளினால் நரம்பு கிடைத்துவிட்டது. நல்லது என்று சொல்லிவிட்டு மருந்தைத் தள்ள வேண்டியதுதான். எத்தனை ஆயிரம் கழுத்து, எத்தனை ஆயிரம் நல்லது. மருதாசலத்துக்குக் கைராசி என்று ஊரெல்லாம் பேச்சு. இத்தனைக்கும் அப்போது சிரிஞ்சைத் தள்ளுகிற கட்டைவிரல் அவருடையது. உள்ளே இறுகினால் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும், மூளைக்கு எட்டும் முன்பே கை பின்வாங்கும். இப்போது ஒரு கை புரோப்புக்கு, ஒரு கை ஊசிக்கு என்று கொடுத்துவிட்டு விரலின் வேலையைப் பியூலாவிடம் விட்டாயிற்று. அவளும் இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னாள். பியூலாவைக் குற்றம் சொல்ல இவருக்கு நாக்கு கூசவேண்டும். மகள் சிந்துஜா போன தீபாவளிக்கு வந்திருந்தபோது டைனிங் டேபிளில் உட்கார்ந்து படம் வரைந்தே காட்டினாள். அவளும் இதே படிப்புத்தான், சென்னையில், கடைசி வருஷம். "அப்பா, முனை தெரியலன்னா தள்ளவே கூடாது. ஷாக் அடிக்குதுன்னு பேஷன்ட் சொன்னா நிறுத்திட்டு வெளிய வரணும். உங்க காலத்துல அது வழி காட்டுச்சு. இப்ப அது சிவப்பு விளக்குப்பா." அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து நான் பிளாக் போடறேன் கண்ணு" என்றார். என்ன திமிர். ஸ்கேன் பார்த்து ஊசி போடக் கோவையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனதும் அந்த லட்சணம்தான். முதல் நாள் மதியத்துக்குமேல் பழைய சினேகிதர்களோடு காப்பி குடித்துக்கொண்டு வெளியே நின்றார், இரண்டாம் நாள் சான்றிதழ் வாங்க மட்டும் உள்ளே போனார். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் கவின் இந்த ஆஸ்பத்திரியில் மெஷின் வாங்கவைத்தான். இனிமேல் ஸ்கேன் பார்க்காமல் பிளாக் வேண்டாம் சார் என்று மரியாதையாகச் சொன்னான். எனக்குச் சரியாகப் பார்க்கத் தெரியாதப்பா என்று சொல்ல அன்றைக்கு ஐம்பத்தெட்டு வயசு விடவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, பழைய கையாலேயே போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷம் ஓடியது.

அந்தப் பக்கம் ட்ரில் ஓட ஆரம்பித்தது. "பல்லு டாக்டர்கிட்டப் போன மாதிரியே சத்தங் கேக்குதுங்க" என்றாள் துளசிமணி. "பயமா இருக்கா? தூங்கறதுக்கு மருந்து தரட்டுமா?" என்று கேட்டார். அவள் தூங்கிவிட்டால் நன்றாக இருக்கும், அவள் பேச்சு நிற்கும், தனக்கும் கொஞ்சம் மூச்சு வரும். "வேண்டாமுங்க. பேசிட்டிருந்தா நேரம் போயிருமுங்க. நான் ஓவர்லாக் தைக்கறனுங்க. பனியன் கம்பெனில. இருவத்தி ரெண்டு வருசமா ஒரே மிசினு. கண்ணு பாக்கறதில்லீங்க, வெரலுதான் பாக்கும். துணி ரெண்டு மடிப்பாப் போவுதா மூணாப் போவுதான்னு இந்த ஆள்காட்டி வெரலுக்குத் தெரியுமுங்க" என்று, மரத்துப்போன கைக்குப் பதிலாக இடது கை விரலை உயர்த்திக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். விரல் பார்க்கும் என்று அவளுமா சொல்லவேண்டும். விரல் வராவிட்டால் என்ன செய்வாள்? செக்கிங்குக்குப் போகலாம், இடது கையால் பிசிர் வெட்டலாம், சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கலாம். இல்லை, வரும். வந்துவிடும். மூன்று மில்லிதானே, மூன்றுகூட இல்லை, இரண்டரை இருக்கும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. அப்படியே ஆனாலும் மருந்துதான் காரணம் என்று யார் சொல்ல முடியும்? மணிக்கட்டு நொறுங்கியபோதே நரம்பு நசுங்கியிருக்கலாம். ரத்தம் வராமலிருக்க மேல்கையில் ஒரு பட்டையைக் காற்றடித்து இறுக்கியிருக்கிறார்கள், அது ஒன்றரை மணிநேரமாக இறுக்கியபடியே இருக்கிறது, அதனாலும் ஆகலாம். கவினின் பிளேட் உரசலாம். நாளைக்கு வீக்கத்தில் மாவுக்கட்டு இறுகலாம். ஒரு விரல் வராமல் போவதற்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள். கடைசி ஆளாக மயக்க டாக்டரை நிறுத்தலாம், நிறுத்தாமலும் விடலாம். இந்தக் கணக்கை அவர் மனசு இவ்வளவு சரளமாகப் போடுவதைப் பார்த்து அவருக்கே கூச்சமாக இருந்தது. சரளமாக வராமல் என்ன செய்யும், ஏற்கெனவே ஒரு தடவை போட்டுப் பழகியதுதானே. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அர்த்தநாரி என்று ஒருவர், முழங்கை முறிவு. நல்லது என்று சொல்லிப் போட்ட ஊசிதான் அவருக்கும். ஏழெட்டு மாசம் கழித்து உழவர் சந்தையில் காய்கறிக் கடை போட்டிருந்தவரைப் பார்த்தால், வலது மணிக்கட்டு காம்பு ஒடிந்த இலை மாதிரி தொங்குகிறது, இடது கையால் தராசு பிடிக்கிறார். "வாங்க டாக்டர்! கை வரவே இல்லீங்க. கட்டு இறுக்கிப் போட்டதால இப்பிடி ஆச்சுங்கறாங்க. ஆரம்பத்துலயே யாராச்சும் கண்டுபுடிச்சிருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாமாமுங்க, லேட்டாப் போச்சுங்களாம்." மருதாசலமும் த்சு த்சு என்று வருத்தப்பட்டார். கட்டுப் போட்டவரைப்பற்றி ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை, மறுத்தும் சொல்லவில்லை. ஒரு கிலோ அவரைக்காய் வாங்கிக்கொண்டு வந்தார், வீட்டில் பொரியல் செய்தார்கள், சாப்பிட்டார். அன்றைக்கு ஊசி நரம்புக்குள் போனதா என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது. தெரியாது என்ற ஒன்றை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை. இந்தப் பாழாய்ப்போன மெஷின் நரம்பைக் காட்டுகிறேன் என்று வந்து அவரைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

பேப்பர் முடிக்க வேண்டும். மடியில் அட்டையை வைத்துக்கொண்டு பிளாக் விவரம் எழுதினார்: வலது கை, ஸ்கேன் உதவியுடன், மருந்து இவ்வளவு, நேரம் இன்னது. ஊசி போடும்போது ஏதாவது சிரமம் என்ற கேள்விக்கு எதிரே 'சிரமம் இல்லை' என்று எழுதிய பிறகுதான் எழுதியதைக் கவனித்தார். கை அதுவாக எழுதியிருக்கிறது. முப்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு அவர் வேறு பதில் எழுதியதில்லை. அடித்துவிட்டு மாற்றலாம். அடித்தால் அடித்தது தெரியும், ஏன் சார் அடிச்சீங்க என்று கவின் கேட்பான். கேட்கட்டுமே. இல்லை, அவனிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் இவளிடம் சொல்ல வேண்டும். இவளிடம்தான் சொல்ல வேண்டும், கை இவளுடையது. சொன்னால் இவள் விழிப்பாக இருப்பாள். நாளைக் காலையில் விரல் நீட்ட வராவிட்டால் உடனே கேட்பாள், உடனே நரம்பு டாக்டரிடம் காட்டலாம், வாரக்கணக்கில் கட்டின்மேல் பழி போட்டுக்கொண்டு அர்த்தநாரி மாதிரி நாளைக் கடத்தவேண்டியதில்லை. இப்போது சொன்னால் ஒருவேளை விரல் பிழைக்கும். சொல்லாவிட்டால் அவர் பெயர் பிழைக்கும், அதுவும் ஒருவேளைதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வேறொருவன் செய்திருந்தால் இவரே கேட்டிருப்பார். வார்த்தைகளை வாய்க்குள் அடுக்கிப் பார்த்தார். அம்மா, ஊசி போடறப்போ ஒரு தப்பு நடந்துபோச்சு. நடந்துபோச்சு என்ன நடந்துபோச்சு, தானாகவா நடந்தது. அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உனக்கு ஷாக் அடிச்சப்போ நான் நிறுத்தியிருக்கணும், நிறுத்தலை, மருந்து கொஞ்சம் நரம்புக்குள்ள போயிருச்சு. பெரும்பாலும் ஒன்னும் ஆகாது. ஆனா நாளைக்கு விரல் சரியா வரலைன்னா உடனே எனக்குப் போன் பண்ணு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன். இவ்வளவுதான். ஐந்தாறு வாக்கியம். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. சொல்லிவிடுவேன் என்று அவர் முடிவு செய்தார். செய்ததும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, மனசு கொஞ்சம் லேசாகவும் இருந்தது. கடைசியில் நான் அவ்வளவு மோசமான ஆள் இல்லை என்று தோன்றியது. சிந்துஜாவிடம்கூடச் சொல்லலாம் என்று தோன்றியது.

தையல் போட்டு, மாவுக்கட்டு வைத்து, கையுறையைச் சுழற்றி எறிந்துவிட்டு, "தேங்க்ஸ் சார், அடுத்த கேஸுக்கும் இதே மாதிரி ஒன்னு போட்ருங்க" என்று கவின் வெளியே போனான். பச்சைத் துணியை எடுத்துவிட்டார்கள். பியூலா ஒரு மூலையில் கத்தி கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். துளசிமணியின் கை ஒரு வெள்ளை மூட்டையாக அவள் வயிற்றின்மேல் கிடந்தது. அவள் அதை இடது கையால் தொட்டுப் பார்த்து, யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் தூக்கி, மறுபடி வைத்தாள். மருதாசலம் முக்காலியை அவள் முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகமூடியைக் கீழே இறக்கினார். "அம்மா, உங்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்றார். குரல் நடுங்காமல் வந்தது.

"நானும் உங்ககிட்ட ஒன்னு சொல்லோணும்னே இருந்தனுங்க" என்றாள் அவள். "சொன்னா வையக்கூடாதுங்க. நீங்க அசையாத அசையாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. அந்தச் சுள்ளுனு அடிச்சப்ப நாந்தானுங்க தோளத் தூக்கிப்போட்டன். அப்பப் புடிச்சு உங்க மொகமே செரியில்லீங்க. வந்தப்பச் சிரிச்சுட்டிருந்தீங்க, அதுக்கப்புறம் ஒரு வார்த்த சிரிக்கலீங்க. பாத்துட்டேதான் இருந்தன். என்னால எதாச்சும் தப்பாப் போச்சுங்களா?"

அவள் அசையவில்லை. தோள் இம்மிகூட அசையவில்லை. அசைந்திருந்தால் திரையில் படம் கலைந்திருக்கும். அது கடைசிவரைக்கும் கலையாமல், உப்பியதை உப்பியபடி காட்டிக்கொண்டு நின்றது. வாய்விட்டுக் கத்தியதைத்தான் அசைந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வலியிலும் சொன்ன சொல் கேட்டு மரமாகப் படுத்திருந்தவள். இல்லம்மா, நீ அசையல, நான்தான் என்று ஆரம்பித்தால் போதும், அடுக்கி வைத்த வாக்கியங்கள் தாமாக வந்துவிடும். அவர் வாயைத் திறந்தார். மூலையில் எண்ணுகிற சத்தம் நின்றது. பியூலா எதையோ கையில் பிடித்தபடி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றார். "கொஞ்சம் அசைஞ்சுட்ட."

"பாத்தீங்களா!" என்று துளசிமணி கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியுமுங்க. மன்னிச்சுப்போடுங்க டாக்டர்."

"பரவால்லம்மா. எல்லாரும் பண்றதுதான்."

"நீங்க என்னமோ சொல்லோணும்னீங்களே?"

"இதேதான். இதத்தான் சொல்ல வந்தேன். விரல் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன ஆகலாம். பயப்படாத."

"எனக்கென்னங்க பயம். லேட்டாச்சுன்னா எங்கூட்டுக்காரரு சத்தம் போடுவாருங்க, கோவக்காரரு. நாஞ் சொல்லிக்கறனுங்க, நாந்தான் அசைஞ்சுட்டன், டாக்டர் மேல ஒரு தப்பும் இல்லீன்னு. உங்கள ஒரு வார்த்த கேக்க உடமாட்டனுங்க." சொல்லிவிட்டு அவருக்குக் கும்பிடு போடப் பார்த்தாள். இடது கை மட்டும் எழுந்து நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. வலது கை வரவில்லை, வயிற்றின்மேல் வைத்த இடத்திலேயே கிடந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இருக்கிற கையாலேயே கும்பிட்டாள். மருதாசலம் இரண்டு கையையும் சேர்த்துப் பதிலுக்குக் கும்பிட்டார்.